சான்றிதழ் பையில்! மோட்டார் கடையில்! வத்தலக்குண்டு வாலிபர்களுக்கு கரண்டு வேலை கற்றுத் தருவது யார்?

கல்லூரியும் கம்பெனியும் கைகோர்த்தால் பிழைப்பு உண்டு
கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வத்தலக்குண்டு,

"சர்ட்டிபிகேட் இருக்கா தம்பி?"

வேலை கேட்டுப் போகும் பையனிடம் முன்பெல்லாம் இதைத்தான் கேட்பார்கள்.

இப்போது கேள்வி மாறிவிட்டது.

"மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வந்ததும் பையன் விழிக்கிறான். மூன்று பேஸ் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பரீட்சையில் பத்து மார்க்குக்குப் பதில் எழுதியவன்தான் அவன். படமும் அழகாகப் போட்டான். ஆனால் ஸ்பேனர் பிடித்து ஒரு மோட்டாரைத் திறந்தது கிடையாது.

இன்னொரு பக்கம் பாருங்கள்.

வைண்டிங் கடையில் இருபது வருஷமாக காயில் சுற்றுகிறார் ஒருவர். சத்தத்தைக் கேட்டே "பேரிங் போச்சு" என்று சொல்லுவார். கை அவ்வளவு சுத்தம். ஆனால் அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார்.

ஒருவனிடம் காகிதம் இருக்கிறது, கை இல்லை. இன்னொருவரிடம் கை இருக்கிறது, காகிதம் இல்லை!

இந்த இரண்டையும் ஒட்டவைக்கும் வேலைக்குத்தான் 'கல்லூரி - கம்பெனி கூட்டுப் பயிற்சி' என்று பெயர். மின்சாரம், இன்ஜினீயரிங் தொழில்களில் இதைப் பற்றி இப்போது பேச்சு அதிகம். ஒப்பந்தங்களும் அதிகம்.

இதில் பையனுக்கு என்ன கிடைக்கும்? எங்கே ஏமாறுவான்? பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்?

சுற்றிலும் கரண்டு!

வத்தலக்குண்டு என்றால் வெற்றிலை. 'வெற்றிலைக்குண்டு' என்பதுதான் வத்தலக்குண்டு ஆனது என்றே சொல்வார்கள். கொடைக்கானல் மலைக்கு ஏறும் பஸ்கள் நிற்கும் ஊர். ரெயில் பிடிக்க வேண்டுமானால் கொடைரோட்டுக்குப் போக வேண்டும்.

"இந்த ஊரில் இன்ஜினீயரிங் வேலை எங்கே இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும்.

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அதன் கோடியில் லோயர்கேம்ப். முல்லைப் பெரியாறு தண்ணீரில் அங்கே 1958-ம் ஆண்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். 1959-ல் திறந்த வைகை அணையிலும் சிறிய மின் நிலையம் உண்டு. ஆண்டிப்பட்டி பக்கம் போனால் காற்றாலைகள் சுற்றுகின்றன.

கொடைரோடு பக்கம் போனால் நிலக்கோட்டை 'சிப்காட்' தொழிற்பேட்டை. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நூற்பு மில்கள். தமிழ்நாட்டில் மில்காரர்கள் பலர் சொந்தமாகக் காற்றாலை வைத்து அந்தக் கரண்டில் கதிர் ஓட்டுகிறவர்கள்.

இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். தென்னை, வாழை, கொடிக்கால் என்று எந்தத் தோட்டத்தில் நுழைந்தாலும் கிணற்றில் ஒரு மோட்டார் இருக்கும். மாடி வீடுகளில் சோலார் பலகை ஏறுகிறது.

ஆக, வேலை இருக்கிறது. வேலை தெரிந்த கைதான் வேண்டும்.

அண்ணன் தம்பி நாலு பேர், பங்கு அஞ்சு!

கல்லூரியும் தொழிற்சாலையும் கைகோர்ப்பது புதுசு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இது கிட்டத்தட்ட நூறு வருஷத்துக் கதை.

கோவை பீளமேட்டில் 1926-ம் ஆண்டு நடந்தது இது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் சொத்தை அவருடைய நாலு பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள். நாலு பேருக்கு நாலு பங்குதானே? அவர்கள் அஞ்சு பங்காகப் பிரித்தார்கள். அஞ்சாவது பங்கு தர்மத்துக்கு!

அதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம்.

அந்த அறநிலையத்தில் முதலில் வந்தது இன்ஜினீயரிங் கல்லூரி அல்ல, தொழிற்கூடம். மோட்டார், பம்பு, வார்ப்பு என்று சந்தைக்குப் போகிற சரக்கே அங்கு தயாரானது. 1951-ல் அதே இடத்தில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பாடம் படிக்கும் மாணவன், பக்கத்திலேயே உண்மையான பம்பு தயாராவதைப் பார்த்தான்.

அந்தக் காலத்தில் கோவைக்கு இன்னொரு யோகமும் அடித்தது. 1932-ல் நீலகிரி பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்தது. கரண்டு வந்ததும் மில்கள் பெருகின. கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. மோட்டார் செய்ய ஆள் தேவைப்பட்டது. ஆளுக்குப் பயிற்சி தேவைப்பட்டது.

கரண்டு, தொழிற்சாலை, பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே ஊரில் ஒரே சமயத்தில் வளர்ந்தன. கோவையின் ரகசியம் இதுதான்.

"நாலு வருஷம் எதுக்கு?"

ஜி.டி. நாயுடுவை எல்லோருக்கும் தெரியும். 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் தோன்ற அவர்தான் காரணம். பணம் கொடுத்தார். பொறுப்பும் ஏற்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்த விதையில் முளைத்ததுதான்.

ஆனால் அவருக்கும் சர்க்காருக்கும் ஒத்துப்போகவில்லை.

நாலு வருஷப் படிப்பு நேரத்தை வீணாக்கும் வேலை, அதைவிடக் குறைந்த காலத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. சர்க்கார் சம்மதிக்கவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கணக்கும் விஞ்ஞானமும் தெரியாமல் வெறும் ஸ்பேனர் பிடித்தால் நாளைக்கு மெஷின் மாறும்போது பையன் தெருவில் நிற்பான். ஆனால் அவர் எழுப்பிய கேள்விக்கு இன்றும் உயிர் இருக்கிறது. வகுப்பில் எத்தனை நாள், பட்டறையில் எத்தனை நாள்?

முதலாளி மகள் தொடங்கிய பள்ளி

கோவை வரை போவானேன்? நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

மதுரையில் 1911-ல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரியில் வாயு எடுத்து பஸ் ஓட்டும் 'கேஸ் பிளாண்ட்' செய்து விற்ற கம்பெனி அது.

அவருடைய மகள்தான் டாக்டர் சவுந்திரம். அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்து 1947-ல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கிராமங்களுக்கு வேண்டிய எரிசக்தி பற்றி ஆராய்வதற்கு அங்கே தனி மையமே உண்டு.

கைவேலையும் படிப்பும் பிரியக் கூடாது என்பது 1937-ல் வார்தாவில் மகாத்மா காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரம். காந்திகிராமம் அந்த வழியில் பிறந்தது.

வத்தலக்குண்டுக்காரர்கள் செம்பட்டி வழியாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில்தான் இது இருக்கிறது.

ரொட்டிக்கு நடுவே என்ன?

'சாண்ட்விச் படிப்பு' என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் பலருக்கு சிரிப்பு வரும்.

இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே காய்கறி வைப்பது போல, இரண்டு கல்லூரிப் பருவத்துக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியை வைப்பது. இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊரில் 1903-ல் இப்படி ஒரு ஏற்பாடு தொடங்கியது.

தமிழ்நாட்டில் சில பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் டிப்ளமோ மூன்றரை வருஷம். சாதாரண டிப்ளமோவைவிட ஆறு மாதம் அதிகம். இரண்டு தவணையாக மாணவன் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. சாண்ட்விச் படிப்பு அஞ்சு வருஷம்.

ஜெர்மனியில் இது இன்னும் ஒரு படி மேலே. 1969-ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். அங்கே பயிற்சி மாணவன் வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியில் இருப்பான், ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் இருப்பான். மூன்று வருஷம், மூன்றரை வருஷம் இப்படியே போகும். கம்பெனி அவனுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும்.

வத்தலக்குண்டு பாஷையில் சொன்னால், வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு மாதிரி. வெற்றிலையை மட்டும் மென்றால் வாய் சிவக்காது. வெறும் பாக்கைக் கடித்தால் பல்தான் வலிக்கும். மூன்றும் அளவோடு சேர வேண்டும். கல்லூரி, கம்பெனி, பையன் மூன்று பேரும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 'அப்ரண்டிஸ் ஆக்ட்' என்றால்தான் ஊரில் புரியும்.

முதலில் ஐ.டி.ஐ. மாதிரியான தொழில்களுக்குத்தான் அது. 1973-ல் திருத்தி, இன்ஜினீயரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தார்கள். 2014-லிலும் பெரிய திருத்தம் வந்தது.

2019-ல் மாற்றிய விதிகள்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 200 பேர் வேலை பார்க்கும் மில் என்றால் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர்.

நாலு பேர் முதல் 29 பேர் வரை உள்ள சின்ன இடங்களுக்குக் கட்டாயம் இல்லை. விரும்பினால் எடுக்கலாம். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறோம்.

உதவித் தொகை எவ்வளவு? அதே 2019 விதியில், படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சம் என்று வைத்தார்கள். 2025-ல் இதை 36 சதவீதம் கூட்டலாம் என்று மத்திய பழகுநர் கவுன்சில் சிபாரிசு செய்தது.

முழுப் பாரமும் முதலாளி தலையில் விழாது. 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில், உதவித் தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாமல், மத்திய அரசு ஏற்கும் என்று அறிவித்தார்கள். பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்கள் விவகாரத்தைப் பார்த்துக்கொள்ள சென்னை தரமணியில் தென்மண்டல வாரியம் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இடம்!

இதே சட்டத்தில் பெற்றோர் கண்ணில் படாத ஒரு வரி உண்டு.

அப்ரண்டிஸ் 'தொழிலாளி' அல்ல. அவன் பயிற்சி பெறுபவன்.

இதனால் தொழிலாளர் சட்டங்கள் பல அவனுக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை.

அப்படியானால் அவனுக்கு நாதியே இல்லையா? உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவு செய்ய வேண்டும். பையன் மைனர் என்றால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகள் அவனுக்கும் உண்டு. பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது.

இந்தப் பாதுகாப்பெல்லாம் பதிவான அப்ரண்டிசுக்கு. "சும்மா வந்து கத்துக்கோ தம்பி" என்று வாய்வார்த்தையில் சேர்ந்த பையனுக்குக் கையில் ஒரு ஆதாரமும் இருக்காது.

'பயிற்சி' என்ற பெயரில்...

'பயிற்சி' என்ற சொல் எப்படியெல்லாம் பாழாகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் நூற்பு மில்கள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது ஊர் அறிந்த கதை. ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷம் 'அப்ரண்டிஸ்' என்று சேர்த்தார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொன்னார்கள். விடுதியிலேயே தங்க வேண்டும், வெளியே போகக் கட்டுப்பாடு, நீண்ட நேர வேலை. மூன்று வருஷம் முடியும் முன் உடம்பு முடியாமல் வெளியேறியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள்.

2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இதுபற்றி அறிக்கை வெளியிட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது.

மூன்று வருஷம் ஒரே மெஷினில் நின்ற அந்தப் பெண்கள் கற்றது என்ன? ஒரு வாரத்தில் கற்கக்கூடிய வேலை. மீதி நாளெல்லாம் குறைந்த கூலி உழைப்பு.

ஆகவேதான் பெற்றோர் உஷாராக இருக்க வேண்டும்.

வத்தலக்குண்டு மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. 1884-ல் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் இது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் ஓய்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யுடன் முன்னால் நின்றவர் சிவா. அந்த ஊர்ப் பிள்ளைகள், "என் உழைப்புக்கு என்ன மதிப்பு?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

புதிய ஏற்பாடுகள்

இப்போது நடப்பவற்றைப் பார்ப்போம்.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-ந் தேதி தொடங்கியது. கல்லூரிப் பாடத்தோடு, கம்பெனிகள் கேட்கும் திறமைகளையும் சேர்த்துக் கற்றுத் தருவது நோக்கம்.

71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்க டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்தது. செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். 2023-ல் அந்த மையங்கள் திறக்கப்பட்டன. ரோபோ, கம்ப்யூட்டர் கடைசல் மெஷின், மின்சார வாகன மெக்கானிக் என்று புதிய தொழில்கள் வந்தன.

சூரிய மின்சாரத்துக்கு 2015-ல் மத்திய அரசு 'சூர்யமித்ரா' பயிற்சியைத் தொடங்கியது. எலெக்ட்ரீசியன், வயர்மேன், பிட்டர் மாதிரி ஐ.டி.ஐ. முடித்தவர்களை மூன்று மாதம் தங்கவைத்து இலவசமாகக் கற்றுத் தரும் ஏற்பாடு. காற்றாலைக்கு 'வாயுமித்ரா' என்ற பயிற்சி. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை நிறுவனம் அதை நடத்தியது.

தேவைக்குக் குறைவில்லை. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சின்னச் சின்னக் காற்றாலைகள் நட்டார்கள். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் வைக்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம்.

ஒரு கோடி மாடிகளிலும் யாராவது ஏறித்தானே ஆக வேண்டும்?

மாடியில் ஏறுகிறவன் யார்?

இங்கேதான் உயிர் விஷயம் வருகிறது.

வீட்டு வயரிங் தெரிந்தவனுக்கு சோலார் தெரிந்துவிடாது. மெயினை அணைத்தால் வீட்டுக் கரண்டு நிற்கும். சோலார் பலகையை அணைக்க சுவிட்ச் கிடையாது. வெயில் இருக்கிறவரை அதில் கரண்டு இருக்கும்.

ஒரு பலகையில் 40 முதல் 50 வோல்ட் வரும். பத்துப் பலகையை வரிசையாகக் கோர்த்தால் 400 வோல்ட்டைத் தாண்டும். அதுவும் டி.சி.

வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்டு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு ஏறும். பொறி கிளம்பினாலும் அந்த இடத்தில் அணைய வழி உண்டு. டி.சி.யில் அந்தப் பூஜ்யமே கிடையாது. லூசாக மாட்டிய இணைப்பில் பொறி பிடித்தால் விடாமல் எரியும்.

மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேசில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மீதி இரண்டில் இழுக்கும். காயில் சூடேறும். ரிலே விழாவிட்டால் கருகும். இதைப் புத்தகத்தில் படித்தவன் மறந்துபோவான். ஒரு தடவை கருகல் வாசனையை முகர்ந்தவன் சாகிறவரை மறக்க மாட்டான்.

கம்பத்தில் ஏறும் முன் 'எல்.சி.' வாங்குவது, அதாவது லைனில் கரண்டை நிறுத்தி அனுமதி பெறுவது, எர்த் போடுவது, பெல்ட் மாட்டுவது. இதெல்லாம் கரும்பலகையில் வராத பாடம். அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் நின்று, "டேய், கையை எடு! முதல்ல டெஸ்ட் பண்ணு" என்று அதட்டினால்தான் வரும்.

கல்லூரியில் அந்த மெஷின் இருக்காது. கம்பெனியில் பாடம் நடத்த நேரம் இருக்காது. அதனால்தான் இரண்டு பேரும் சேர வேண்டும் என்கிறோம்.

பொன்னாடை ஒப்பந்தம்

சேருவதிலும் இரண்டு வகை.

ஒன்று, பொன்னாடை ஒப்பந்தம். இரண்டு தரப்பும் மேடையில் உட்காருவார்கள். கையெழுத்து போடுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். போட்டோ பத்திரிகையில் வரும். அதோடு பைல் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு நாள் மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினால் அதுவே 'பயிற்சி'.

இன்னொன்று வேலைக்காகும் ஒப்பந்தம். எத்தனை மாணவர், எத்தனை வாரம், எந்தெந்த மெஷின், கற்றுக்கொடுக்கும் ஆள் யார், மாதம் எவ்வளவு பணம், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். செய்முறைத் தேர்வில் கம்பெனி ஆளும் மார்க் போடுவார். மாணவன் மட்டும் போகாமல் வாத்தியாரும் போய் சில வாரம் மெஷின் பக்கத்தில் நிற்பார்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். வாத்தியாருக்குத் தெரியாத மெஷினை அவர் எப்படிக் கற்றுத் தருவார்?

பெரிய கம்பெனி வரும் வரை காத்திருப்பதா?

"ஒரகடத்தில் கம்பெனி இருக்கு, ஓசூரில் இருக்கு. வத்தலக்குண்டில் என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு.

நாலு பேர் வேலை பார்க்கும் இடமும் அப்ரண்டிஸ் எடுக்கலாம் என்ற விதியை இப்போது நினைத்துப் பாருங்கள்.

மோட்டார் வைண்டிங் கடை, லேத் பட்டறை, சோலார் மாட்டும் காண்டிராக்டர், டிராக்டர் சர்வீஸ் என்று சின்னச் சின்ன இடங்கள்தான் இந்த மாதிரி ஊர்களின் உண்மையான பயிற்சிக்கூடம். ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் இவர்களைத் தேடிப் போகலாம். பத்துக் கடை சேர்ந்தால் பத்து விதமான ரிப்பேர். ஒரு பெரிய தொழிற்சாலையில் ஒரே மெஷின் முன் ஆறு மாதம் நிற்பதைவிட, பையன் இங்கே அதிகம் பார்ப்பான்.

கடைக்காரருக்கு என்ன லாபம்? கணக்கும் மீட்டரும் தெரிந்த பையன் கிடைக்கிறான். உதவித் தொகையில் அரசு பங்கும் உண்டு.

கடையில் காலம் தள்ளிய அனுபவஸ்தருக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசு 'மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு' நடத்தி வருகிறது. வயரிங் தொழிலில் 5 வருஷ அனுபவமும் 21 வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அதன் அறிவிப்புகளில் சொல்லியிருக்கிறார்கள். 2015-ல் வந்த மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும், முன்பே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு உண்டு.

கை இருப்பவருக்குக் காகிதம் கிடைக்க வேண்டும். காகிதம் இருப்பவனுக்குக் கை வர வேண்டும். இரண்டும் ஒரே கடையில் நடக்கலாம்!

கையெழுத்து போடும் முன்...

பையனையோ பெண்ணையோ பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை:

1. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்வீர்களா? நகல் எங்களுக்குத் தருவீர்களா?

2. மாதம் எவ்வளவு? கையில் தருவீர்களா, பேங்கில் போடுவீர்களா? "கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. எந்தெந்த மெஷினில், எத்தனை வாரம்? ஒரே மெஷினில் முழுக் காலமும் என்றால் அது பயிற்சி அல்ல.

4. கற்றுக்கொடுக்கும் ஆள் யார்? அவர் பெயர் என்ன?

5. ஹெல்மெட், ஷூ, கையுறை, பெல்ட் யார் கொடுப்பார்கள்? அடிபட்டால் யார் பொறுப்பு?

6. ராத்திரி ஷிப்ட் உண்டா? ஓவர்டைம் உண்டா?

7. முடிவில் யார் தேர்வு வைப்பார்கள்? சான்றிதழில் யார் முத்திரை இருக்கும்? அந்தச் சான்றிதழை வேறு ஊரில் ஒப்புக்கொள்வார்களா?

8. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? "ஆமாம்" என்றால் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

9. பயிற்சிக்கு எங்களிடம் பணம் கேட்பீர்களா? உழைக்க வரும் பையனிடம் பணம் கேட்கும் இடத்தில் இரண்டு தடவை யோசியுங்கள்.

நல்ல கம்பெனி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. பதில் சொல்லத் தயங்கும் இடம் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. "எங்களிடம் இத்தனை கம்பெனி ஒப்பந்தம் இருக்கிறது" என்று போர்டு வைப்பதோடு நிறுத்தாமல், எத்தனை பையன்கள் எத்தனை நாள் எந்த மெஷினில் நின்றார்கள், மாதம் என்ன வாங்கினார்கள் என்று வருஷா வருஷம் எழுதி ஒட்டட்டும். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் முதலில் அந்தத் தாளைத்தான் படிப்பார்கள்.

கிணற்று மோட்டார் நின்றுபோனால் வாழை காயும். அதைச் சரிபண்ண ஆள் தேடி இன்னொரு ஊருக்குப் போகாமல், வத்தலக்குண்டு பையனே டூல் பையோடு வந்து நிற்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவன் கை வைக்க வேண்டும்.